மழமழ சகலையும் காலி டப்பியும்

என் சகலைக்கு மழமழ என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரே வீட்டில் அவர் கீழே, நான் மாடியில். ஒரே மரப்பட்டறையில் அவர் உள்ளே, நான் வெளியே வண்டியில். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என்பதால் அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அவர் கன்னத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

காலையில் நான் பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டுக் கீழே இறங்கும்போதும் மனுஷன் ஷேவிங்கில்தான் இருப்பார். சேர்த்து வைத்திருப்பதெல்லாம் நமக்கு முந்தின தலைமுறை ரேசர்கள். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள தடித்த பிளேடு மாட்டுகிற வகை நாலு. இன்ஜெக்டர் வகை இரண்டு. அவை இரட்டைப் பிள்ளைகள், பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு, கிண்ணத்தில் நுரை அடித்து, பிரஷால் கன்னத்தில் அப்பி, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். தடித்த பிளேடு இறங்கும்போது சரக் சரக்கென்று படிக்கட்டு வரை கேட்கும்.

"கேட்டீங்களா சகலை? பாட்டு கேக்கறவன் பாட்டு கேக்கட்டும். எனக்கு இது போதும்" என்பார் என்னிடம்.

"வண்டிக்கு நேரமாச்சுண்ணே. மூஞ்சிதானே, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்" என்பேன். காதில் விழாதது போல இரண்டாம் சுற்று நுரை போடுவார்.

இன்ஜெக்டரில் பிளேடை விரலால் தொடவே வேண்டாம். ஒரு சின்ன உலோக டப்பிக்குள் இருபது பிளேடு அடுக்கியிருக்கும். டப்பியின் மூக்கை ரேசரின் ஓரத்தில் செருகித் தள்ளினால் புதுசு ஒரு பக்கம் நுழையும், பழசு மறுபக்கம் விழும். சகலை பழசைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. மூடியில் கீறல் போட்ட தகர டின் மேல் ரேசரை வைத்துத் தள்ளுவார். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திங்கள்தோறும் புது பிளேடு. ஷேவ் முடிந்ததும் நாள்காட்டியில் அன்றைய தீர்ப்பை எழுதி வைப்பார்: சுமார், பரவாயில்லை, அருமை.

பட்டறையிலும் அவர் வேலை தீர்ப்பு சொல்வதுதான். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, காய்ந்து வருகிற பலகை எல்லாம் அவர் முன்னால் வரும். கண்ணை மூடி நாலு விரலை ஓட்டுவார். சாக்பீஸால் பின்புறம் ஒரு சரி போட்டால் என் வண்டிக்கு, பெருக்கல் குறி போட்டால் மறுபடி உப்புத்தாளுக்கு. முப்பது வருஷமாக அந்த சாக்பீஸ் அவர் கையில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு சாப்பாட்டு மேஜை திரும்பி வந்தது. வாங்கியவருக்குத் தடவினால் நெருடுகிறதாம். அதில் சகலையின் சரி இருந்தது. முதலாளியம்மா அதிகம் பேசவில்லை. "நூலகத்துக்குப் பதினாலு படிக்கிற மேஜை போகணும். அதுலயும் இப்படி ஆச்சுன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கண்ணே" என்றார். சாக்பீஸைப் பிடுங்கிவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னால் அந்த மனுஷன் செத்தே போய்விடுவார்.

அடுத்த திங்கட்கிழமை கீழே போனால் சகலை பேயறைந்தவர் மாதிரி நிற்கிறார். ஒரு கன்னத்தில் நுரை, ஒரு கன்னத்தில் இல்லை. தகர டின் நிரம்பிவிட்டதென்று அன்றைக்கு ஒரு செய்தித்தாளை விரித்து அதன் மேல் ரேசரை வைத்துத் தள்ளியிருக்கிறார். டிக்கென்றது. தாளில் எதுவும் விழவில்லை. திரும்பத் தள்ளினார், விழவில்லை. இடுக்கியால் டப்பியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது.

"எப்பத்திலிருந்து காலி?" என்று கேட்டேன்.

நாள்காட்டியைப் புரட்டினோம். டப்பி பிரித்த தேதியிலிருந்து திங்கட்கிழமைகளை எண்ணினால் இருபதாவது பிளேடு ஆறு வாரத்துக்கு முன்னாலேயே மாட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் தள்ளியதெல்லாம் வெறும் காற்று. அந்தத் திங்கட்கிழமைகளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். ‘புது பிளேடு. அருமை.’ ‘புது பிளேடு. வெண்ணெய்!’ கடைசியாக ஒன்று: ‘இதுவரை இல்லாத சுகம்.’

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

"மழுங்கிப்போன பிளேடைப் புதுசுன்னு நெனச்சிருக்கேன் சகலை. கன்னத்துக்கே தெரியலைன்னா இந்த விரலுக்கு என்ன தெரியும்? அந்த மேஜை நெசமாவே நெருடிச்சோ என்னவோ."

அன்றைக்குப் பட்டறையில் நூலக மேஜைகளின் முதல் மேல்பலகை அவர் முன்னால் வந்தது. தடவினார். சாக்பீஸை எடுத்தார், வைத்தார். மறுபடி தடவினார். மத்தியானம் வரை ஒரு குறியும் விழவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை பலகைகளை ஏற்ற வேண்டியவன் நான். எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அக்காவிடம் சொன்னோம். அக்கா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் குடுவையில் ஊற்றிப் பார்க்காமல் நம்பாத ஆள்.

"இதுக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? சோதிச்சுப் பாத்துட்டாப் போச்சு. இரட்டையில ஒண்ணுல அந்தப் பழசு இருக்கட்டும். இன்னொண்ணுல தினமும் புது டப்பியிலேர்ந்து நான் புதுசு போடறேன். எதைக் குடுப்பேன்னு சொல்ல மாட்டேன். நீங்க கண்ணை மூடிட்டு ஷேவ் பண்ணிட்டுப் பழசா புதுசான்னு சொல்லுங்க. சனிக்கிழமை வரைக்கும் அஞ்சு தடவை."

செவ்வாய் காலையில் இரண்டு கன்னமும் மழித்துவிட்டுப் "புதுசு" என்றார். அக்கா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை; நாள்காட்டியை அவர் பார்க்காதபடி பிடித்துக்கொண்டு எழுதினார். புதன், "பழசு. இழுக்குது." வியாழன், "பழசுதான்." வெள்ளி, "புதுசு, சந்தேகமே இல்ல." சனிக்கிழமை ரொம்ப நேரம் தாடையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "புதுசு. இது தப்புன்னா நான் ஆளே இல்ல" என்றார். கதவருகே நின்ற எனக்கு அவரைவிட அதிகமாக வியர்த்தது.

அக்கா நாள்காட்டியைத் திருப்பினார். "அஞ்சும் தப்பு."

சகலை குளியலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருங்க, முழுசாக் கேளுங்க" என்றார் அக்கா. "வித்தியாசமே தெரியாத ஆளுன்னா குருட்டாம்போக்குல ரெண்டு மூணாச்சும் சரியா வந்திருக்கும். அஞ்சும் தலைகீழா வந்திருக்குன்னா உங்களுக்கு நல்லாத் தெரியுதுன்னு அர்த்தம். பேரைத்தான் மாத்தி வச்சிருக்கீங்க. புது பிளேடு முதல் நாள் முரட்டுத்தனமா இருக்கு போல. பழகினதுதான் உங்களுக்கு வழுக்கிட்டுப் போகுது. நல்லா இருந்தா அது புதுசுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

அக்காவுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. எங்களுக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வண்டியில் போகும்போது சகலை கேட்டார்: "அப்ப எனக்குத் தெரியுதா, தெரியலையா?"

"தெரியுதுண்ணே. ஆனா தெரியல" என்றேன்.

பட்டறையில் பதினாலு பலகையும் சுவரில் சாய்ந்து நின்றன. முதலாளியம்மா கைகட்டி நின்றார். சகலை கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தடவி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நகர்த்தினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் ஐந்து. ஒன்றில்கூட கை தயங்கவில்லை. ஆனால் சாக்பீஸை எடுத்ததும் நின்றுவிட்டார்.

"குறி போடுங்கண்ணே" என்றார் முதலாளியம்மா.

"அம்மா, இதுவும் அதுவும் வேற வேறன்னு சத்தியமாச் சொல்வேன். எது நல்லதுன்னுதான் குழப்பமா இருக்கு."

நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். வேலை கையை விட்டுப் போகிற நேரத்தில் இப்படியா ஒருத்தர் உண்மை பேசுவார்!

முதலாளியம்மா இரண்டு பக்கமும் போய் உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. சரி, அதை விடுங்க. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

சகலை ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒன்பது நின்ற பக்கம் கை காட்டினார்.

"அப்ப அதை ஏத்துங்க. அந்த அஞ்சும் உப்புத்தாளுக்குப் போகட்டும்."

"திரும்பி வந்த மேஜை?" என்று கேட்டார் சகலை.

"அது உங்களுக்குப் பிடிச்சிருந்தது, வாங்கினவருக்குப் பிடிக்கல. மறுபடி இப்படி நடந்தா பேக்கிங்தான், அதுல மாத்தமில்ல."

சகலை சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். நான் பலகை தூக்க வந்தவன், தூக்காமல் நின்றேன். பிறகு அவர் கேட்டார்.

"முப்பது வருஷமா நான் சரின்னு போட்டதெல்லாம் எனக்குப் பிடிச்சது மட்டுந்தானாம்மா?"

"பின்ன, வேற என்னன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார் முதலாளியம்மா.