உறையில் விட்டுப்போன பெயர்

உயிரோடு இருக்கும் சிநேகிதனை இரண்டு வருஷம் செத்தவன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, சாட்சியோடு. அம்பாசமுத்திரத்தில் அவன் வீட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். பிறகு ஆற்றில் முங்கிவிட்டு, துக்க வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். 'கடைசியில் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே' என்று தச்சநல்லூர் வரை மூக்கைச் சிந்தியதுகூட ஞாபகம். அப்புறம் போனில் அழைக்கவே இல்லை. செத்தவனோடு என்ன பேச்சு?

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும்போது மனைவிக்குச் சந்தேகம்.

"போனது அவுகதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தூக்குன எனக்குத் தெரியாதா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, உறையில் அவன் மனைவி பெயரை மட்டும் எழுதினேன். அவர்கள் தெருமுனையில், கூட வந்த மனைவி கையிலிருந்த குங்குமச் சிமிழையும் பிடுங்கிப் பையின் அடியில் ஒளித்தேன். அந்தம்மா மனசு நோகக் கூடாதல்லவா? என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

அவனே திறந்தான். கையில் பாதி உரித்த வாழைப்பழம்.

பேய் பழம் தின்னுமா என்று மூளை ஆராய்ந்தது. அதன் முடிவுக்குக் காத்திருக்காமல் நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏலே, என்ன இப்படி வேர்க்குது? உள்ள வாலே."

அவன் மனைவி நெற்றி நிறையப் பொட்டோடு வந்து குங்குமத்துக்காக நின்றார். நான் பையைக் குடைந்தேன். சிமிழ் வருவதற்குள் அவன் உறையைப் படித்துவிட்டான்.

"இவ பேரு மட்டும் இருக்கு. நான் எங்கன போனேன்?"

"அவசரத்துல விட்டுப்போச்சு..."

"உங்களத்தான் இவுக ரெண்டு வருசத்துக்கு முன்னயே தூக்கிட்டாகளே அண்ணாச்சி" என்றாள் என் மனைவி.

கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன். அவன் இல்லாமல் என் வீட்டுக் கல்யாணமா?

"செத்தவன எதுக்குலே கல்யாணத்துக்குக் கூப்பிடுத?" என்றவன், பேனாவை என் கையில் திணித்தான். "எழுது. பெருசா எழுது. அன்னைக்கு ஆத்துல ஒனக்குத் துண்டு குடுத்தது ஆருலே?"

பெயர் எழுதும்போதுதான் நினைவு வந்தது. அன்று போனது அவன் அண்ணன். பாடையின் மறுபக்கம் தோள் கொடுத்தவன் இவன். ஈரத்தலையோடு நின்ற எனக்குத் துண்டு நீட்டியவனும் இவனே. சொல்லிக்கொள்ளாமல் வந்தது மட்டும் உண்மை.