கடல்தண்ணீர் குடித்த இரும்பு

எங்கள் வீட்டில் விமானம் கட்டியது என் அண்ணன். ஊரில் அப்படித்தான் பேச்சு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கட்டியவன் அவன்தான். ஆனால் அதற்கான இரும்பைக் குழாய் குழாயாகப் பொறுக்கிக் கொடுத்தவள் நான். இதை ஒருவரும் சொல்வதில்லை. சொல்லாததற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. நான் பொறுக்கிக் கொடுத்த இரும்பை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அண்ணன் விமானப்படையிலிருந்து திரும்பி வந்தான். அங்கே எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன், பிறகு சென்னையில் ஒரு கிளப்பில் சேர்ந்து பறக்கவும் கற்றுக்கொண்டிருந்தான். வந்தவன் ஒரு வேலையும் தேடவில்லை. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தூத்துக்குடியிலேயே கட்டப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா காலமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அம்மா அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் புரொப்பெல்லர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்துவிட்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன்.

கயத்தாற்றில் யுத்த காலத்தில் போட்ட விமானத் திடலில் மிஞ்சிக் கிடந்த சாமான்களை டிஸ்போசல் என்று ஏலம் விட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த உப்பு வியாபாரி அண்ணாச்சி ஒருவர், அண்ணன் பேச்சில் மயங்கி ஒரு சின்ன எஞ்சினை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் குழாய்களை எடுத்தான். இரண்டு மாட்டுவண்டி நிறைய வந்து எங்கள் கொல்லையில் இறங்கின. பிசுபிசுவென்று எண்ணெயும் செம்மண்ணும் அப்பியிருந்தன. மேலே எழுதியிருந்த எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. விமானத்துக்கான உருக்குக் குழாயும், தண்ணீர்க் குழாயும், ஆஸ்பத்திரிக் கட்டில் காலும் ஒரே குவியலாகக் கிடந்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே பருமன், ஒரே கறுப்பு.

அண்ணன் அவற்றைத் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்துப் பிரிக்க ஆரம்பித்தான். தேங்காய் வாங்குகிறவன் மாதிரி காதருகே வைத்துக்கொண்டு, இது நல்லது, இது ஆகாது என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவன் படையிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு படித்தேன். விமானத்துக்கான உருக்கில் குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால்தான் மெல்லிய குழாயே பெரிய பாரத்தைத் தாங்கும். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் அதன் பொறியின் நுனியில் வேல்முனை போல ஒரு சின்ன ஆரஞ்சு முனை பிரிந்து நிற்கும். சாதாரண இரும்பின் பொறி நீளமாக ஓடி அப்படியே மங்கிவிடும்.

விறகு அடுக்கும் அறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, ஒரு விடுமுறை முழுக்க இதே வேலையாக இருந்தேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினாள். பொறியில் சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனையும் செய்தேன். குழாயின் ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து, கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் போடுவேன். சாதாரண இரும்பு என்றால் அதற்குப் பிறகும் அரம் பிடிக்கும், சுத்தியலால் அடித்தால் வளையும். நல்ல உருக்கு என்றால் அரம் வழுக்கும், அடித்தால் படக்கென்று முறியும். தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடியாகிவிடுகிறது என்பதை வைத்துத்தான் நல்ல உருக்கு எது என்றே நான் கண்டுபிடித்தேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கோபமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

தேறிய குழாய்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். வண்டியில் ஏற்றித் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தோணிகளுக்கும் லாஞ்சுகளுக்கும் இரும்பு வேலை செய்கிற பட்டறை அது. அங்கிருந்த மேஸ்திரியைப் போல கேஸ் வெல்டிங் செய்ய ஊரில் வேறு ஆள் கிடையாது என்பார்கள். பொய்யில்லை. மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல் ஒட்டுப் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. அவர் போட்ட ஒட்டு வரிவரியாக அவ்வளவு அழகாக இருக்கும்.

பட்டறைக்கு நான் வரக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். பெண்பிள்ளை வந்து நின்றால் ஆட்களுக்கு வேலை ஓடாதாம். குழாய் பொறுக்குகிற வரைக்கும் நான் ஆள். பொறுக்கி முடித்ததும் பெண்பிள்ளை ஆகிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவன் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன வரைபடத்தைக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

எஞ்சினைத் தாங்குகிற கூட்டுக்குக் கடைசி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வெல்டிங் டார்ச்சை அணைத்தார். ஒட்டு இன்னும் செக்கச் செவேல் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பீப்பாய். அதிலிருந்து ஒரு வாளி மொண்டு, பழுத்த ஒட்டின் மேல் சாவகாசமாக ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பிற்று.

பீப்பாயில் இருந்தது கடல்தண்ணீர். அந்தப் பட்டறையின் வழக்கம் அது. நங்கூரச் சங்கிலியின் கண்ணியானாலும் சுக்கான் கீலானாலும், ஒட்டு முடிந்த கையோடு முதல் தண்ணீர் என்று ஒரு வாளி ஊற்றுவார்கள். கடலுக்குப் போகிற இரும்பு பிறந்ததும் கடல்தண்ணீர் குடிக்க வேண்டும், அப்போதுதான் கடல் அதைத் தின்னாது என்பது அவர்கள் நம்பிக்கை. தோணி இரும்பு சாதாரண இரும்பு. அதற்குத் தண்ணீரால் ஒன்றும் வந்துவிடாது. அதனால் தலைமுறை தலைமுறையாக வழக்கம் பிழைத்துக் கிடந்தது. இந்த உருக்குக்கு அது விஷம்.

நான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். நானே மேஸ்திரியிடம் போய், இந்த இரும்பு வேறு ஜாதி, தண்ணீர் பட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தானாக ஆறவிட வேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

"டீச்சரம்மா, நாப்பது வருசமா ஒட்டுப் போடுதேன். முதல் தண்ணி குடிக்காத இரும்பு கடலுக்கு அடங்காது" என்றார்.

"இது கடலுக்குப் போகலையே மேஸ்திரி."

"விழுந்தா கடல்லதான விழும்."

பட்டறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அதை நான் மறக்கவே இல்லை. அவன் உயிரைப் பற்றி நான் பேசுகிறேன், அவன் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பரிகாரம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஒட்டு ஒட்டாக மறுபடியும் மங்கிய சிவப்பு வருகிற வரை சூடாக்கி, காற்று வீசாத இடத்தில் மெல்ல ஆறவிட வேண்டும். இரண்டு நாள் போதும். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவன் படித்தான். இது குளிர்தேசத்துக்காரன் எழுதியது, அவன் ஊர்த் தண்ணீர் வேறு, நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்றான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் சொல்கிற பேச்சா இது? கொஞ்ச நேரம் கழித்து உண்மை வெளியே வந்தது. மறுபடி சூடாக்கச் சொன்னால் மேஸ்திரி முகத்தில் அடித்த மாதிரி ஆகுமாம். ஒரு பொம்பளைப்பிள்ளை பேச்சைக் கேட்டு என் ஒட்டைக் குறை சொன்னீர்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவாராம். அவர் போனால் வேறு ஆள் இல்லையாம்.

அதாவது, ஓர் ஆளின் ரோஷம் கெடக்கூடாது. அதற்கு அண்ணன் கழுத்தை முறித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மேஸ்திரி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவர் தெரியாமல் செய்தார். இவன் தெரிந்துகொண்டு, புத்தகத்தை மூடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

விமானக் கூட்டுக்கு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். துணி போர்த்தி வார்னிஷ் பூசினார்கள். எஞ்சினைப் பூட்டினார்கள். நான் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அம்மாகூட, "ஏளா, சும்மா நச்சரிக்காத, அவன் படையில இருந்தவன்" என்றாள். சக்கரத்தைச் சுற்றிப் பொறியைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள்.

உப்பளங்களுக்கு அப்பால் கெட்டித் தரையாக ஓர் இடம் இருந்தது. ஒரு காலை நேரம் விமானத்தை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். சர்க்கார் அனுமதி இன்னும் வரவில்லை. சும்மா தரையில் ஓட்டிப் பார்ப்போம், தானாக எழும்பினால் எழும்பட்டும் என்பது அண்ணன் திட்டம். உப்பு அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் சர்ச்சின் சபை ஐயர் ஜெபம் செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் வாயிலிருந்து வரவில்லை.

அண்ணன் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததல்ல. கால் போனது, நான் போனேன். சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நானும் வாரேன், எடு வண்டியை என்றேன்.

கூட்டம் கசமுசா என்றது. அண்ணன் ஓடி வந்தான். முதலில் இறங்கு என்றான், பிறகு கையைப் பிடித்து இழுத்தான். எவ்வளவோ உறுதியான விமானம் என்று சொன்னாயே, ஏன் நான் வரக்கூடாது என்று கேட்டேன். அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"இறங்குளா. உனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் அம்மைக்கு என்ன பதில் சொல்ல?"

"உனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்ன பதில் சொல்லணும்? அதைச் சொல்லிட்டுப் போ அண்ணே."

அவன் என் கையை விட்டான். என்னை ஏற்றிக்கொண்டு போகப் பயந்தானே, அந்தப் பயம் அவனுக்கு அன்றைக்கு வந்ததல்ல. புத்தகத்தைப் பூட்டி வைத்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது. தன் ஒருவனுக்கு என்றால் துணிந்துவிடலாம் என்று இருந்திருக்கிறான். போய்ச் சாமான் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து, எஞ்சின் மூடியைத் திறந்தான்.

"அடிங்க தம்பி, நான் போட்ட ஒட்டு" என்றார் மேஸ்திரி. அந்தக் குரலில் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முதல் அடி தாங்கிற்று. இரண்டாவது அடியும் தாங்கிற்று. மூன்றாவது அடியில் ஒட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளிக் குழாய் படக்கென்று முறிந்து, எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முறிந்த இடம் கல் உப்பை உடைத்தாற்போல் மினுங்கியது. தானாக ஆறவிட்ட உருக்கு வளையும், நெளியும், இப்படி முறியாது. ஓடுகிற எஞ்சினின் குலுக்கலில் அது எத்தனை நிமிஷம் தாங்கியிருக்கும் என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை.

மேஸ்திரி கிட்டே வந்து முறிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உப்பளக் கரையோடு நடந்து போய்விட்டார். அவரை நான் மதிக்கிறேன். அவராவது பார்த்தார்.

மற்றவர்கள் யாரும் முறிவைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்கு நடுவில் பொம்பளை ஏறி உட்கார்ந்தால் இப்படித்தான் என்று அண்ணாச்சி வீட்டு அம்மாள் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. மறுவாரம் அண்ணாச்சி எஞ்சினைக் கழற்றி உப்பளத்தில் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோய்விட்டார். ஒட்டுகளையெல்லாம் சூடாக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நான் சொன்னபோது கேட்க ஆளில்லை. விமானம் பறக்கவே இல்லை.

அண்ணன் பஸ் கம்பெனியில் வேலைக்குப் போனான். அதற்கு அடுத்த வருடம் கல்யாணம். நாலு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். எழுபது வயதுக்கு மேலும் நன்றாக இருந்தான். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடினால் பேரப்பிள்ளைகள் விமானக் கதை கேட்பார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்லுவான்: "எல்லாம் தயாரா நின்னுது. உங்க அத்தைப்பாட்டி, இந்தா இருக்காளே, ஏறி உக்காந்தா. ஒடிஞ்சிட்டு." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் இலைகளுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, மீதியை இந்தத் தடவையாவது சொல்கிறானா என்று காத்திருப்பேன். சொன்னதில்லை. அந்த ஒன்பது பிள்ளைகளையும் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு, சாகிற வரைக்கும் சொல்லவில்லை.