ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பிரதிவாதிகள்

பிளம்பர் கிருஷ்ணமணி பொய்யே சொல்லாதவர் என்று ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாலாம் நாள் போகிற மனிதர். ஆனால் கோர்ட்டில் பொய் சொல்ல அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

நெய்யூர் பக்கத்தில் ஞானசெல்வி டீச்சர் வீட்டில் கொத்தனார் ஆன்ட்ரூஸ் தூண் கட்டினார். அதன்மேல் கிருஷ்ணமணி தண்ணீர் டேங்க் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் சர்ச்சில் இருந்த நேரம், தூணும் டேங்கும் சேர்ந்து அடுக்களை மேல் விழுந்தன. டீச்சர் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டார்.

இருபது வருஷச் சிநேகிதர்கள் அல்லவா, கூடிப் பேசினார்கள். கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவது. தீர்ப்பு எதிராக வந்தால் நஷ்டஈடு பாதிக்குப் பாதி. இதைத் தங்கள் வக்கீல்களிடம்கூட மூச்சு விடவில்லை. யார் தப்பென்று தெரியாமல் கேஸ் இழுத்தால் டீச்சர் சலித்துப்போவார் என்று நினைப்பு. வாய்தாதோறும் கிருஷ்ணமணியின் ஸ்கூட்டரில் சேர்ந்தே நாகர்கோவிலுக்கு வருவார்கள். கோர்ட்டுக்கு முந்தின வளைவில் ஆன்ட்ரூஸ் இறங்கி, பகையாளி முகத்தோடு நடந்து வருவார். திரும்பும்போதும் அந்த வளைவு வரை நடந்துபோய்த்தான் ஏறிக்கொள்வார். இப்படியே மூன்று வருஷம் போனது. டீச்சர் தார்ப்பாய்க்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தார்.

சாட்சி விசாரணை நாளில் கிருஷ்ணமணி கூண்டில் ஏறி, தூண்தான் மோசம் என்று படித்த பாடத்தை ஒப்பித்தார். டீச்சரின் வக்கீல் ஜின்சி பொறுமையாகக் கேட்டார்: அப்படியானால் ஆன்ட்ரூஸ் வேலை தெரியாதவர், அவரை நம்பி ஒரு கோழிக்கூடுகூடக் கட்டக் கொடுக்கக் கூடாது, சரிதானே?

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பின்வரிசையில் ஆன்ட்ரூஸ் தலை குனிந்திருந்தார். கிருஷ்ணமணிக்குப் பொறுக்கவில்லை.

“அப்பிடிச் சொல்லாதிய மேடம். எனக்க வீட்டக் கெட்டினது அவனாக்கும். இன்னிக்கு வர ஒரு விரிசல் இல்ல.”

பிறகு இந்தத் தூண் மட்டும் ஏன் விழுந்தது என்று நீதிபதி கேட்டார்.

“சின்ன டேங்குக்குத்தான் அவன் கெட்டினான். பெரிசக் கொண்டு வச்சது நான். பரவாயில்ல, தாங்கும்னு அவனும் சொன்னான். பாதிக்குப் பாதின்னு அப்பவே பேசி வச்சாச்சு.”

பிரதிவாதிகளின் வக்கீல்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி ஒரு சொல் விடாமல் பதியச் சொன்னார்.

கிருஷ்ணமணி வெளியே வந்தார். வழக்கு தோற்கப்போவதில் வருத்தமில்லை. சிநேகிதன் போய்விட்டான் என்பதுதான் வருத்தம். ஆன்ட்ரூஸ் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

கோர்ட்டு வாசலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், ஆன்ட்ரூஸ் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார்.

“இனி அந்த வளைவு வர நடக்காண்டாம், கேட்டியா,” என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார். “டீச்சருக்க வீட்டுக்கு விடு மக்கா. அடுக்களைய அளக்கணும்.”