தொட்டால் அழிகிற பலகை

ஆசிரியர் வேலையில் இருக்கிற பெரிய சௌகரியம், 'எனக்குத் தெரியாது' என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். எங்களுக்கு அந்தச் சௌகரியம் ஸ்மார்ட் போர்டு வந்ததோடு போய்விட்டது.

மைசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் நடத்துகிறேன். அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். இங்கே வருகிற பேச்சு முக்கால்வாசி ஸ்டாஃப் ரூம் கன்னடத்தில் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஒரு வருஷம் கோடை விடுமுறை முடிந்து போனபோது, ஒன்பதாவது, பத்தாவது வகுப்புகளில் கரும்பலகையைக் கழற்றிவிட்டு பெரிய டி.வி. மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். தசரா விடுமுறைக்குள் அதில் பாடம் நடத்தப் பழகாதவர்களுக்குப் பத்தாம் வகுப்பு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பத்தாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டால் ஸ்டாஃப் ரூமில் எந்த மூலையில் போய் உட்கார வேண்டியிருக்கும் என்பது, உங்களில் யாராவது ஆசிரியராக இருந்தால் தெரிந்திருக்கும்.

எனி டவுட்ஸ்?

போர்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்தான். எங்கள் பழைய மாணவர்களைவிடச் சின்னவன். மூச்சு விடாமல் இங்கிலீஷில் பேசினான். அவன் விரல் பட்ட இடத்திலெல்லாம் வட்டம் வந்தது, பூமி சுற்றியது, இதயம் துடித்தது. கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும், வகுப்பில் எங்கள் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படியே தலையாட்டினோம். தலைமையாசிரியைக்கு ரொம்பத் திருப்தி. பையனைக் காபி சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் கன்னட ஆசிரியர் சித்தராஜு சார் எழுந்தார். தினமும் நஞ்சன்கூட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். போர்டின் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி, இதை எங்கே ஆன் பண்றது?"

ஆசியாவின் குடும்ப விஷயம்

யாருக்கும் தெரியவில்லை என்பது வெளியே வந்துவிட்டதால், இனி மறைக்க ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் நான்கு பேர் தங்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். சித்தராஜு சார், நான், கணக்கு நடத்தும் நாகரத்னா மேடம், அறிவியல் நடத்தும் ஷோபா. ஷோபா எங்களில் சின்னவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, போன் விஷயத்தில் கெட்டிக்காரி. அவள்தான் எங்களுக்கு வாத்தியார். சம்பளம், ஆளுக்கு ஒரு டப்பா சித்ரான்னமோ, உப்பிட்டு என்கிற உப்புமாவோ.

பேசினால் போர்டே எழுதிக்கொள்ளும் என்று ஒரு சனிக்கிழமை காட்டினாள். நான் முன்னால் போய் நின்று, 'உலகத்தில் ஏழு கண்டங்கள், அதில் ஆசியா பெரிய கண்டம்' என்று கன்னடத்தில் சொன்னேன். கன்னடத்தில் கண்டத்துக்கு வயிற்றிலிருந்து மூச்சு விட்டு அழுத்தமாக 'க்ஹ' சொல்ல வேண்டும். மெலிசாக 'ga' என்று விழுந்தால் அது புருஷன். பிறந்ததிலிருந்து இதே ஊரில் கன்னடம் பேசுகிறேன், காய்கறிக்காரர் முதல் கலெக்டர் ஆபீஸ் வரை யாரும் என் உச்சரிப்பைக் குறை சொன்னதில்லை. போர்டு மட்டும் என் நாக்கில் இருந்த தமிழைக் கண்டுபிடித்துவிட்டது. உலகத்தில் ஏழு புருஷர்கள், அதில் ஆசியா பெரிய புருஷன் என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. ஷோபா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். சித்தராஜு சார் மட்டும் முகம் மாறாமல் கேட்டார்: "ஏழு பேரையும் இந்த டெர்முக்குள்ள முடிச்சிடுவீங்களா மேடம்?"

மன்னிப்பு கேட்கிற மாணவன்

என்னைக் கிண்டல் செய்த சித்தராஜு சாருக்கும் ஒரு நாள் வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ. ஒன்றை ஷோபா அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். பழைய கன்னடச் செய்யுள் ஒன்றின் இரண்டு வரியைக் கொடுத்து அர்த்தம் கேட்டிருக்கிறார். அது இல்லாத மூன்றாவது வரி ஒன்றைத் தானாகச் சேர்த்து, அதற்கும் சேர்த்து அர்த்தம் சொல்லிவிட்டது. சித்தராஜு சாருக்கு வந்ததே கோபம்! நஞ்சன்கூடு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே பார்க்காமல் அதனோடு சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கபிலா ஆற்றுப் பாலம் வந்ததே தெரியவில்லையாம்.

திங்கட்கிழமை வந்து சொன்னார்: "என் சர்வீஸ்ல தப்பை உடனே ஒத்துக்கிட்ட முதல் ஸ்டூடன்ட் இதுதான் மேடம், ஆனா அடுத்த நிமிஷம் அதே தப்பைத்தான் மறுபடி எழுதுது!"

பலகையில் வந்த செய்தி

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. ஷோபா ஒன்பதாம் வகுப்பில் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை நடத்திக்கொண்டிருந்தாள். படம் அவள் போனில் இருந்தது. போனில் தெரிவதெல்லாம் போர்டிலும் தெரிகிற மாதிரி இணைத்திருந்தாள். பாதிப் பாடத்தில், இலைக்கு மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. அவள் அண்ணி கன்னடத்தில் அனுப்பியது. பையன் வீட்டிலிருந்து போன் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நீ அழாதே.

பெரிய எழுத்தில், வகுப்பு முழுக்கத் தெரியும்படி. ஷோபா போனைப் பிடுங்கி அணைத்தாள். போர்டு நீலமாகிவிட்டது. அந்த இடம் அமையும் என்று வீட்டில் புடவை வரைக்கும் பேசி வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். வகுப்பில் அவள் அழவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்து, படம் இல்லாமலே மீதிப் பாடத்தை முடித்தாள். ஒன்பதாம் வகுப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மிஸ் புதுச் செருப்பு போட்டு வந்தாலே பள்ளி முழுக்கப் பரப்பிவிடுவார்கள். இந்தச் செய்தி அந்த அறையின் வாசலைத் தாண்டவே இல்லை. சனிக்கிழமை ஷோபாவே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மணி அடித்ததும் கிளாஸ் லீடர் பெண் மேஜை அருகே வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாளாம்: "மிஸ், நாங்க யாரும் படிக்கல மிஸ்."

இடது கை

நாகரத்னா மேடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவதைப் பிள்ளைகள் கேட்க வேண்டுமென்று, பெற்றோர் வீடு மாறி எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வந்த கதைகள் உண்டு. அவருக்கும் போர்டுக்கும் மட்டும் ஒத்துவரவே இல்லை. ஒரு வரி எழுதுவார், அடுத்த வரி எழுதும்போது முதல் வரி காணாமல் போகும். மறுபடி எழுதுவார், மறுபடி போகும். பிள்ளைகள் ஜாக்கிரதையாகச் சிரிக்காமல் இருப்பார்கள். அதுதான் அவரை அதிகம் வருத்தியது. ஆகஸ்டில் ஒரு நாள் தலைமையாசிரியை அறைக்குப் போய், "பத்தாம் வகுப்பை வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, எங்களோடு உட்கார்ந்து ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிட்டார். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஷோபா அவரை வலுக்கட்டாயமாகப் போர்டு முன்னால் நிறுத்தினாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தராஜு சார்தான் கண்டுபிடித்தார். கரும்பலகையில் எழுதுகிற காலத்திலிருந்தே மேடத்துக்கு இடது உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு எழுதும் பழக்கம். உள்ளங்கை பட்டால் இந்தப் போர்டு அதை டஸ்டர் என்று எடுத்துக்கொள்ளும். "மேடம், வலது கை எழுதறதை இடது கை அழிக்குது, நம்ம மேனேஜ்மென்ட் மாதிரி!" என்று கத்தினார். காரணம் தெரிந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். கணக்கு சுவாரசியமாகப் போனால் கை தானாகப் பலகைக்குப் போய்விடும். அப்புறம் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய டஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்துவந்து இடது கையில் பிடித்துக்கொண்டார். கை நிறைந்துவிட்டதால் அது பேசாமல் இருந்தது.

தசராவுக்கு முன்னால் தலைமையாசிரியை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு முழு வகுப்பைப் பார்த்தார். ஒரு வரிகூட அழியவில்லை. பத்தாம் வகுப்பு அவரிடமே இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டு, போகும்போது ஒரு சந்தேகம் கேட்டார், இந்தப் போர்டுக்கு டஸ்டர் எதற்கு என்று. நாகரத்னா மேடம் சொன்னார்: "இது போர்டுக்கு இல்லை மேடம், என் இடது கைக்கு."

நிறுத்தினால் நிற்கும் மிஸ்

பத்தாவது படிக்கிற பவித்ராவுக்கு டைஃபாய்டு. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பெண், மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பா வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். முக்கியமான முக்கோணத் தேற்றம் போய்க்கொண்டிருந்த சமயம். மேடம் போர்டில் நடத்துவதை அவர் குரலோடு சேர்த்துப் பதிவு செய்து, அவள் அப்பாவின் போனுக்கு ஷோபா அனுப்பி வைத்தாள். புரிந்ததா என்று கேட்க நான் போன் செய்தேன். அவளுக்கும் எனக்கும் பேச்சு எப்போதும் தமிழில்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், நாகரத்னா மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

"நல்லாப் புரிஞ்சுதுங்க மிஸ். வகுப்புல அந்த மிஸ்ஸ நிறுத்த முடியாதுங்களே. இதுல ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேனுங்க" என்றாள் சந்தோஷமாக. நான் போனை வைத்ததும், "என்ன சொன்னா?" என்று மேடம் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்க்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படியே சொன்னேன். மேடம் டிபன் பாக்ஸை மூடினார். "நான் வேகமாப் போறேன்னு இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதில்லையே" என்றார். "சொல்ல முடியாதுன்னுதான் மேடம் அவளும் சொல்றா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவரே வந்து, நடந்ததை எங்களிடம் சொன்னார். தேற்றத்தை மளமளவென்று எழுதி முடித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி, எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன் என்று கேட்டாராம். மறுபடி கேட்டாராம். அப்புறம்தான், கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண் எழுந்து நின்றாளாம்: "முதல் வரியில, மிஸ்."

ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு மாணவர்கள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்று நிர்வாகம் இன்னும் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது; எங்களைக் கேட்டிருந்தால், யார் கற்றுக்கொண்டார்கள் என்பதையாவது சொல்லியிருப்போம்.