என் வீட்டுக்காரர் கலந்த சாம்பல் நிறம்

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் பெயர் ‘கலர்’. அடிபட்டு வருகிற வண்டிகளுக்குப் பழைய நிறத்தோடு பொருந்துகிற மாதிரி பெயிண்ட் கலந்து கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மூலை, நகக்கண்ணில் அதே கறை. தெருவில் நிற்கிற எந்த வண்டியையும் சும்மா தாண்டிப் போக மாட்டார். விரலால் தட்டிப் பார்த்து, "இந்தக் கதவு மாத்தினது" என்பார். ஆஸ்பத்திரி வாசலில்கூட இதே கூத்து. எனக்கு மானம் போகும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு வண்டியை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. அதைத்தான் காசு கொடுத்து வாங்கினார்.

அது அவருடைய சிநேகிதரின் பைக்; ஓயாமல் ஊர் ஊராகப் போகிற அவருக்கு எங்கள் வீட்டில் பெயர் ‘ஊர்சுற்றி’. மலை, மண்பாதை என்று எங்கும் போகிற உயரமான டூரிங் பைக். பின்சீட்டில் ஏற எனக்கு முக்காலி வேண்டும். ஊர்சுற்றி எங்கே போய்விட்டு வந்தாலும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து மேப்பை விரிப்பார். என்னைத் தங்கச்சி என்பார், இரண்டாவது காபி கேட்பார். மலை உச்சியில் ஒரு ஏரி இருக்கிறதாம். அங்கே நாங்கள் இருவரும் ஒரு நாள் போகவேண்டும் என்று பதினைந்து வருஷமாகப் பேச்சு. பேச்சோடு சரி. பிள்ளையின் படிப்பு, மாமியாரின் ஆபரேஷன் என்று ஏதாவது வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும்.

போன வருஷம் ஊர்சுற்றி வந்து உட்கார்ந்து, "முட்டி போச்சுடா. டாக்டர் வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலை, நீயே எடுத்துக்க" என்றார்.

"எதுக்கும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடுங்களேன்" என்றேன் இவரிடம்.

"அவன் வண்டியைப் போய் தட்டிப் பாக்குறதா? அப்புறம் அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று என்மேல் பாய்ந்தார். இருந்த சேமிப்பை வழித்துக் கொடுத்தோம்.

மனுஷன் குழந்தையாகிவிட்டார். பெட்டிகள் மாட்டினார், எனக்கு ஹெல்மெட் வாங்கினார், லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. மலை ஏரிக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, தூசி தட்டலாம் என்று வாசல் வெயிலில் வைத்து டேங்கைக் கழற்றினார். வெகுநேரமாகியும் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால், ஹேண்டில் வந்து சேருகிற கழுத்துப் பகுதியை வெறித்தபடி குந்தியிருந்தார்.

"என்னங்க?"

"இது என் பெயிண்ட்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவரே சொன்னார். விற்பதற்கு இரண்டு மாசம் முன்னால் ஊர்சுற்றி ஓர் இரும்புத் துண்டோடு பட்டறைக்கு வந்து, வீட்டு கேட்டில் கீறல் விழுந்திருக்கிறது, இதே சாம்பல் நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அன்று மழை, ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் கலந்தார். மஞ்சள் ஒரு சொட்டு கூடிவிட்டதோ என்று இவருக்கு உறுத்தல். மறுநாள் போன் பண்ணிக்கூடக் கேட்டார். "அப்படியே பொருந்திடுச்சுடா, எங்க அடிச்சோம்னே தெரியலை" என்றாராம் அந்த நல்லவர். அந்த ஒரு சொட்டு மஞ்சள் இப்போது வெயிலில் பல்லிளித்தது.

உப்புத்தாளால் தேய்த்தார். அடியில், முறிந்ததை ஒட்டவைத்த வெல்டிங்; அதன் ஓரத்தில் மறுபடி மயிரிழை விரிசல். கூட்டிக்கொண்டு வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர், இவ்வளவு பெட்டி, மலை இறக்கம் வேறயா? பாதியிலயே முறிஞ்சிருக்கும்மா" என்றார்.

அன்று சாயங்காலமே ஊர்சுற்றியின் வீட்டு வாசலில் போய் நின்றோம். முதலில் சிரித்து மழுப்பினார்.

"அண்ணே, பின்னாடி உக்காரப் போறது நான்னு தெரியும்ல?" என்றேன்.

"ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் ஆகாது தங்கச்சி. பதினஞ்சு வருஷமா பேசிட்டே இருக்கீங்க... நிஜமாவே மலைக்குப் போவீங்கன்னு நான் நினைக்கலை."

பச்சைத் துரோகம்! என் கையால் எத்தனை காபி குடித்த வாய் அது! வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. இவர் என்னைத் தடுக்கவும் இல்லை, சேர்ந்து கத்தவும் இல்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் தூளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"கலர் பொருந்துச்சான்னு போன் பண்ணேனே, என் தலையிலதான் கட்டப் போறேன்னு அன்னிக்கே தெரியுமாடா?"

ஊர்சுற்றி சட்டென்று திரும்பி, மூன்று படியையும் ஒரே எட்டில் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முட்டியில் ஒரு நோவும் இல்லை.