சகலைக்குக் கொடுத்த மாத்திரை

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் புதுச்சேரியில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. தவக்காலம் என்பதால் கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டிருந்தேன். பொறாமையை மட்டும் விட முடியவில்லை.

பொறாமை என் சகலை மேல்தான். அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. நான் எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவன். அவருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். எனக்கு லேபிலிருந்து சர்க்கரை ரிப்போர்ட் வரும். கல்யாணமான நாளிலிருந்து "எங்க அக்கா வூட்ல" என்று தொடங்காத சண்டை என் வீட்டில் கிடையாது.

அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது. ஆனாலும் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவர்கள் நான்தான் மூத்தவன் என்று நினைப்பார்கள். சில பேர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து எனக்கும் அதே நோய் வந்தது. அவருக்கு மாதிரியே எனக்கும் எலும்பில் கொஞ்சம் பரவியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சரிசமமாக நின்றது இந்த விஷயத்தில்தான்.

அதுவும் நிலைக்கவில்லை. வயதானவர்கள் என்பதால் மருந்து எழுதும் முன் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை வைக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து காட்டச் சொல்வார்கள். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்பார்கள். கீழே விழுந்தீர்களா, வீட்டில் யார் சமைக்கிறார்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாம் விசாரிப்பார்கள். இதில் சகலை அமோகமாகத் தேறிவிட்டார். உங்களுக்கு அறுபது வயசு உடம்பு என்று டாக்டரே சொன்னாராம். இந்த நோய்க்கு எல்லோருக்கும் போடுகிற ஊசியோடு சேர்த்து தினமும் சாப்பிட ஒரு வீரியமான மாத்திரையும் கொடுத்தார்கள். இதை அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார்.

என் மனைவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அக்கா வூட்டு மாமாவுக்குக் குடுக்குற மாத்திரைதான் நல்லா கேக்குதாம். உங்களுக்கும் அதையே குடுப்பாங்கல்ல?" என்று வந்து வந்து கேட்டாள். எனக்கும் உயிர்ப் பயம் இருந்தது. அதற்கும் மேலே, சகலைக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயம் இருந்தது. எது பெரிய பயம் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி தயாரானேன். மனைவி மார்க்கெட்டுக்குப் போனதும் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து பழகினேன். அதற்கு முந்தின மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தேன். அதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனேன்.

அந்த வலிப்புக்கும் சகலைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் அவர் பேரன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. மொட்டைமாடியில் நானும் அவரும் மட்டும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த சொந்தக்காரர்களிடம் அவர், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஓவரா ஊத்திக்கினாரு, கீழ போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் குடித்தது கலர் சோடா. அதற்கப்புறம் எந்த விருந்துக்குப் போனாலும் என்னைப் பார்த்துச் சொந்தக்காரர்களிடம் ஒரு நமட்டுச் சிரிப்பு. மறுநாளே டாக்டரிடம் போய் மாத்திரை ஆரம்பித்தேன். அது எங்கள் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் குடிகாரப் பட்டம் ஊருக்கே தெரியும். அதற்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்ததும் அவரேதான். மனைவிக்கு முட்டிவலி, அவ்வளவு நேரம் அங்கே உட்கார அவளால் முடியாது. உள்ளே போனதும் சகலை, "போன்ழூர் தொக்தேர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். டாக்டரம்மா சிரித்தார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

என் பரீட்சை நன்றாகவே போனது. கையை ஊன்றாமல் எழுந்தேன், நடந்தேன், வார்த்தைகளைச் சொன்னேன். விழுந்ததுண்டா? இல்லை. வலிப்பு வந்ததுண்டா? இல்லவே இல்லை. சரி, அவருக்குக் கொடுக்கிற மாத்திரையையே உங்களுக்கும் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். நான் சகலையைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்த சந்தோஷம்தான், வேறென்ன.

அவர் எழுந்து நின்றார். "தொக்தேர், ஒரு நிமிஷம். இவருக்கு வலிப்பு வந்துருக்கு. என் மடியிலதான் வந்துது. இன்னமும் மாத்திரை சாப்புடுறாரு. போன மாசம் பாத்ரூம்ல வுழுந்தாருன்னு என் மச்சினிச்சி சொல்லிச்சி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாமே கிடைத்த மனுஷன், எனக்கு ஒரு மாத்திரை கிடைப்பதைக்கூடப் பொறுக்கவில்லையே என்று நினைத்தேன். "அவருக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க" என்று டாக்டரிடம் பிடிவாதமாகச் சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அந்த மாத்திரை ஏற்கெனவே வலிப்பு வந்தவர்களுக்கு மறுபடி வலிப்பைக் கொண்டுவரலாம், விழுவதையும் அதிகமாக்கலாம் என்று விளக்கினார். போடப்போகிற ஊசியால் எலும்பு மெலியும். அந்த எலும்போடு விழுந்தால் இடுப்பு முறிந்து படுக்கையிலேயே கிடக்க வேண்டியதுதான். "வயசப் பாத்தும் குடுக்குறதில்ல, பக்கத்து வூட்டுக்காரரப் பாத்தும் குடுக்குறதில்ல ஐயா. உங்க உடம்பப் பாத்துதான் குடுக்கணும். சரி, உங்களுக்கு எது ரொம்ப முக்கியம், சொல்லுங்க" என்றார்.

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. யார் கையையும் பிடிக்காமல் ஞாயிறு பூசைக்குப் போய்வர வேண்டும் என்றேன். ஊசி, எலும்புக்கு மருந்து, காலுக்குப் பயிற்சி, சர்க்கரை அடங்கிய பிறகு எனக்கு ஒத்துக்கொள்ளும் வேறொரு மாத்திரை என்று எனக்கென்று தனியாக எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டீக்கடையில் சகலையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு சொந்தக்காரங்க முன்னாடி குடிகாரன்னு சொன்னீங்க. இன்னிக்கு டாக்டர் முன்னாடி வலிப்புக்காரன்னு சொல்றீங்க. உங்களுக்கு நான் என்னா பண்ணேன்?"

அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார். "அன்னிக்கு உன் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்குனு இருந்த. அப்பனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான்?"

"மயக்கம்னு சொல்லியிருக்கலாமே."

"மயக்கம்னா, ஏன் மயக்கம், எந்த டாக்டரு, என்னா வியாதின்னு தோண்டுவானுங்க. குடின்னு சொன்னா பாண்டிச்சேரில எவனும் கேள்வி கேக்கமாட்டான், சகல." ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "அதுக்குன்னு டாக்டருகிட்டயும் குடின்னே சொல்ல முடியுமா?" என்றார்.

அந்த விருந்து நடந்த அதே வருஷம் என் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் என்னைப் பற்றி விசாரித்தபோது, கொஞ்சம் தண்ணி போடுவார், மற்றபடி தங்கமான மனுஷன் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டு ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவன் நான். அந்தக் கல்யாணத்துக்கு யார் காரணம் என்று டீக்கடையில் நிற்கும்போதுதான் புரிந்தது. டீக்காசை நான்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது எனக்கு எழுபத்துமூன்று. அவருக்கு எண்பது. அவருக்கு அவர் மாத்திரை, எனக்கு என் மாத்திரை. நோய் இரண்டு பேரிடமும் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. ஞாயிறு பூசைக்கு நான் கைத்தடியோடு, யார் கையையும் பிடிக்காமல் போகிறேன். அவர் எனக்காக மெதுவாக நடக்கிறார், அது எனக்குத் தெரியக் கூடாதென்று நடுநடுவே செருப்பைச் சரிசெய்வது போல நிற்கிறார். அவருடைய பென்ஷன் மேல், நிமிர்ந்த நெஞ்சு மேல் இருந்த பொறாமையெல்லாம் எப்படியோ கரைந்துவிட்டது. ஆனால் எனக்காக எங்கே பொய் சொல்ல வேண்டும், எங்கே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்ததே, அந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் அவர் மேல் எனக்குப் பொறாமைதான்.