பூல் ஆட்டத்தை மதிக்காத பில்லியர்ட்ஸ் வீரர்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு ஓட்டல் இருக்கிறது. பெங்களூரில் ஏதோ ஒரு கிளப்பை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த பூல் மேசையை என் கணவர் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிட வருகிறவர்கள் ஆடுவார்களாம், ஆடிவிட்டு இன்னொரு காபி குடிப்பார்களாம். மாடி ஹாலில் மேசையை இறக்கிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஆடத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. உடனே ஒரு பயிற்சியாளரைத் தேடிப் பிடித்துத் தனி வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். இரண்டாவது வகுப்பில் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஒரு மாசத்துக்குப் பேசிட்டேன். நீ போய்க் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் பூல் மாணவி ஆனேன்.

பயிற்சியாளர் தொழில்முறை பில்லியர்ட்ஸ் வீரர். முப்பது வயது இருக்கும். தர்மபுரி வெயிலில் கையில்லாத கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். பந்தடிக்கிற 'கியூ' கோலை நீளமான தோல் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வருவார்.

"மேடம், முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பில்லியர்ட்ஸ் பிளேயர். பூல் எல்லாம் குடிச்சிட்டு ஆடற கேம்" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க சொல்லித்தர ஒத்துக்கிட்டீங்க?"

"சார் ரொம்பக் கேட்டுக்கிட்டாரு."

முதல் வாரம் பந்தைத் தொடவே விடவில்லை. நிற்பது, குனிவது, இடது கையை மேசையில் ஊன்றுவது, அவ்வளவுதான். அதையாவது ஒழுங்காகக் கவனித்தாரா என்றால் இல்லை. நான் கழுத்து வலிக்கக் குனிந்திருக்க, அவர் ஜன்னலைப் பார்த்தபடி தான் தோற்ற அரையிறுதி ஆட்டத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிராளி வேண்டுமென்றே இருமினானாம். விளக்கு மங்கலாம். நடுவருக்குக் கண் தெரியாதாம். அந்தக் கதையில் அவரைத் தவிர எல்லார் மேலும் தப்பு இருந்தது.

செய்துகாட்டுகிறேன் என்று அவர் அடித்த பந்துகளில் பாதி குழியில் விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. மின்விசிறி, சாக்பீஸ், கீழே சமையல்கட்டில் மாவு அரைக்கிற சத்தம். கடைசியாக மேசையிலேயே கைவைத்தார்.

"டேபிள் சாயுது மேடம். எங்க பெங்களூர்ல இத வெளியதான் போடுவாங்க."

எங்கள் சமையல்கட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்த கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கிவந்து மேசையின் மேல் வைத்தேன். குமிழி சரியாக நடுவில் நின்றது. வீரர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது கட்டடத்துக்கு வெக்கிறது மேடம். கேமுக்குச் சரிப்படாது."

அன்றைக்கே அவருக்கு ஒரு போன் வந்தது. ஜன்னலோரம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தக்காளி லோடு நாளைக்கு ஏத்திக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லும்மா. மத்தியானம் மாரண்டஹள்ளி பஸ்ஸப் புடிச்சு வூட்டுக்கு வந்துடறேன்" என்றார். 'எங்க பெங்களூர்' என்பது மாரண்டஹள்ளி என்று அப்போதுதான் தெரிந்தது. மாரண்டஹள்ளியில் பிறப்பதில் என்ன குறைச்சல்? நான் மொரப்பூரில் பிறந்தவள். யாராவது கேட்டால் மொரப்பூர் என்றுதான் சொல்லுவேன்.

தினமும் அவர் போன பிறகு, மதியக் கூட்டம் வருவதற்கு முன்னால், நானே தனியாக ஆடிப் பழகினேன். சுமாராக வந்தது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாடி ஹாலில் வியாபாரிகள் சிலருக்கு விருந்து. கூட்டத்தைப் பார்த்ததும் வீரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இவங்க என் ஸ்டூடன்ட். ஒரு மாசத்துக்கு முன்னாடி கியூவோட எந்த முனையில அடிக்கணும்னுகூட இவங்களுக்குத் தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரோடு ஆடப் போனேன்.

இந்த ஆட்டத்தில் அவரவர் பந்துகளை எல்லாம் குழியில் தள்ளிவிட்டு, கடைசியில் கறுப்புப் பந்தைத் தள்ள வேண்டும். அப்போது வெள்ளைப் பந்தும் கூடவே விழுந்துவிட்டால் தோல்வி. அவர் தன் பந்துகளை மளமளவென்று முடித்துவிட்டார். என்னுடையவற்றில் பாதிக்கு மேல் மேசையிலேயே கிடந்தன. அவருக்குக் கறுப்பு ஒன்றுதான் பாக்கி. ஒழுங்காகக் குனிந்து அடித்திருக்கலாம். கூட்டத்துக்கு வித்தை காட்டுவதற்காக, மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, கியூவைப் பின்னால் கொண்டுபோய் அடித்தார். கறுப்பு விழுந்தது. வெள்ளை நிதானமாக உருண்டுபோய் எதிர்க் குழியில் விழுந்தது.

முதலில் கைதட்டியவர் என் கணவர்.

"லேடீஸ் ஃபர்ஸ்ட்! வேணும்னேதான் விட்டுக்குடுத்தேன்" என்று சிரித்தார் வீரர்.

"சந்தோஷமுங்க. இன்னொரு ஆட்டம் ஆடலாம். இந்தத் தடவ விட்டுக்குடுக்காம ஆடுங்க" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்."

"பஸ்ஸுக்கு என்னங்க தம்பி, ஒண்ணு போனா பின்னாலயே இன்னொண்ணு வருது" என்றார் ஒரு வியாபாரி. அதற்குள் கியூ பெட்டிக்குள் போய்விட்டது.

நான் ஆடி ஜெயிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது ஆட்டத்தில் கண்டிப்பாகத் தோற்றிருப்பேன். ஒழுங்காக ஆடி ஒரு பொம்பளையைத் தோற்கடிக்கக்கூட அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் என் கணவர் செல்போனைக் கொண்டுவந்து காட்டினார். வீரர் எங்கள் படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். நான் கியூவோடு நிற்கிறேன், பக்கத்தில் அவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். கீழே, 'சாம்பியன்களை உருவாக்குகிறேன்.'

"பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாமா?" என்று கேட்டார் என் கணவர்.

"மாட்டுங்க. அன்னிலேர்ந்து சமையல்கட்ட நீங்களே பாத்துக்குங்க" என்றேன். மாட்டவில்லை.

அடித்த பிறகும் பந்து நிற்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்று வீரர் சொன்னது மட்டும் உண்மையாகவே உதவுகிறது. அவர் அதை ஒருநாளும் செய்ததில்லை.

போன மாதம் திடீரென்று கூப்பிட்டார். ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வகுப்பு கிடைக்கப்போகிறதாம்.

"ஒரு சின்ன வீடியோ அனுப்புங்க மேடம். என்னாலதான் கத்துக்கிட்டேன்னு ரெண்டு வார்த்த பேசினாப் போதும்."

"பேசறேங்க. அதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க. நான் தோத்தாலும் நீங்க கேட்டதையே வீடியோல சொல்லிடறேன்."

சிக்னல் சரியில்லை என்றும் தானே திரும்பக் கூப்பிடுவதாகவும் சொன்னார். இதுவரை கூப்பிடவில்லை.